அழுத்தக்காரி

ஜோர்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் லாரன்ஸ் குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். ஆனால் தமிழ்ப் பெற்றோர் யார் வந்தாலும் மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வகுப்புக்குப் பொந்தேங் போட்டுவிட்டுச் சுற்றிய பையன், கழிவறையில் வேப் புகைத்த பையன், அடிதடி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது.

"லாரன்ஸ் அண்ணே வாயில வந்தா சஸ்பெண்ட் லெட்டரும் கல்யாணப் பத்திரிகதான்லா!" என்பாள் கூட வேலை செய்யும் புஷ்பவள்ளி.

அன்று ஆலோசகர் சலேஹா டீச்சர் அழைத்தார். அறையில் நான்காம் படிவ மாணவி சோஃபியாவும் அவள் தாய் அமலம்மாளும் இருந்தார்கள். அமலம்மாளின் மலாய் பசார் கடைகளுக்கும் பிறை வட்டாரத்தில் அவர் வேலைசெய்யும் தொழிற்சாலைக்கும் போதும்; அதற்கு மேல் வராது. தூங்கினால் மறுபடி எழுந்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று சோஃபியா முதல்நாள் டீச்சரிடம் சொல்லியிருந்தாள். அவளை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். தாய் சம்மதிக்க வேண்டும். டீச்சர் மலாயில் சொல்லிவிட்டு லாரன்ஸைப் பார்த்தார்.

பத்திரிகையில் படித்த சொல்தான் அவருக்கு வந்தது. "பிள்ளைக்கு மன அழுத்தம்மா. ரொம்ப அதிகமா இருக்காம்."

அமலம்மாளின் முகம் தெளிந்தது. "அட, இதானா! பயந்தே போய்ட்டேன் சார். பொறந்ததுலேருந்தே இவ அழுத்தக்காரிதான். அடிச்சாலும் வாயத் தொறக்கமாட்டா. விட்டுட்டுப் போன அப்பன் கல்லுளிமங்கன், மக வேற எப்படி இருப்பா?"

தாய் தலையாட்டுவதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்று டீச்சர் நிம்மதியாகச் சிரித்தார்.

"அந்த அழுத்தம் இல்லம்மா. காலையில எழுந்திருக்கவே வேணாம்னு தோணுதாம்..."

"அதையேன் கேக்குறீங்க! தெனம் எழுப்பியே என் தொண்டை போச்சு."

சோஃபியாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். டீச்சர் சொன்னதும் புரிந்தது, அது தன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்த விதமும் புரிந்தது. லாரன்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் ஒரு பார்வை.

லாரன்ஸ் சுற்றிவளைக்காமல் சொன்னார். "செத்துப்போயிடலாமான்னு இருக்காம்மா அவளுக்கு."

அமலம்மாள் மகள் பக்கம் திரும்பினார். "அப்படியாடி சொன்ன?"

"சும்மா சொன்னேம்மா."

"பாத்தீங்களா சார்? எல்லாம் இந்தப் போன் பண்ற வேல. வாங்கி வச்சா சரியாயிரும்." அவர் எழுந்துகொண்டார். "ஒடனே ஆஸ்பத்திரின்னா எப்படி? இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். போய்ச் செத்த நேரம் படுக்கணும்."

டீச்சர் தடுத்து, இன்றே போயாக வேண்டும் என்றார். லாரன்ஸ் அதையும் தமிழில் சொன்னார். அமலம்மாள் அவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

படியிறங்கும்போதுதான் லாரன்ஸுக்கு உறைத்தது. இரவு ஷிப்ட் என்றால் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். கையில் போனும் இருக்காது. வாசலுக்கு ஓடினார். மகளின் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரை மாட்டி, இறுக்கமா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் அமலம்மாள்.

"அம்மா! ராத்திரி மட்டும் அவளத் தனியா விடாதீங்கம்மா!"

மோட்டார்சைக்கிள் உறுமியது. "ஆங், சரி சார்!" என்று அமலம்மாள் கையசைத்தார். என்ன காதில் விழுந்து அந்தச் சரியைச் சொன்னார் என்று லாரன்ஸுக்குத் தெரியவில்லை.