கோட்டை பார்க்கப் போனோம்

பட்டாளம் போன பிறகு யாழ்ப்பாணக் கோட்டை எல்லோருக்கும் திறந்து கிடந்தது. சுற்றிவர அகழித் தண்ணீர், நடுவில் தீவு மாதிரி அது. முன்பு அந்தப் பக்கம் தலைகாட்டவே பயந்த சனம், இப்போது பின்னேரங்களில் பிள்ளைகுட்டிகளோடு அங்கே உலாத்தப் போனது. வாசலில் கச்சான் கடலை வியாபாரம் வேறு.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஐந்து மாப்பிள்ளை வீட்டார் அரியாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் பலகாரத்தை மட்டும் மெச்சினார்கள். அன்றைக்கு அக்கா அழவில்லை. "இனி ஒருத்தருக்கு முன்னாலையும் வந்து நிக்க மாட்டன்" என்றாள், அவ்வளவுதான்.

அப்பா விடுகிற ஆளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்கோ பிள்ளையள், கோட்டை பாத்திட்டு வருவம்" என்று எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சைக்கிள்களில் புறப்பட்டார். ஆறாவது மாப்பிள்ளை தன் தாயோடு மதிலடியில் வந்து நிற்பார் என்பது எனக்கும் தெரியும். கள்ளி நான், அக்காவிடம் வாயே திறக்கவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இடிந்த மதிலில் விறுவிறென்று ஏறினாள். மேலே போய்க் கடலைக் கண்டதும், "எடியே, இஞ்சை ஓடி வா! மண்டைதீவு தெரியுது!" என்று கத்தினாள். காற்றில் தலைமயிர் கலைந்து பறந்தது. அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே தன் தாயோடு நின்ற, வெள்ளைச் சேட்டுப் போட்டவர் கச்சான் சுருளைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாளே அவர்களிடமிருந்து சம்மதம் வந்தது. அம்மா சந்தோசத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டார். அக்கா முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"நீயுமோடி?"

அதற்கு அவள் இரண்டு அடி போட்டிருக்கலாம். பிறகு அப்பாவிடம் போனாள்.

"அவருக்கு மட்டும் விருப்பம் எண்டால் காணுமோ? நான் இன்னும் அவரைப் பாக்கேல்லை. நாளைக்குப் பின்னேரம் அங்கையே வந்து நிக்கச் சொல்லுங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்."

ஊர் சிரிக்கப்போகிறது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லப் போனார்.

அடுத்த நாள் நானும் அக்காவும் போனபோது மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தனியாக, வியர்த்து வழிய நின்றார். அக்கா கிட்டப் போய் நிதானமாகப் பார்த்தாள். அவர் அசையவேயில்லை.

"பாத்து முடிஞ்சுதோ?" என்று கடைசியில் மெல்லக் கேட்டார்.

"இல்லை," என்றாள் அக்கா. "அவசரப்படுத்தாதையுங்கோ."