வயர்லெஸ்ஸில் கேட்ட சிரிப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பட்டினச்சேரியில் விசைப்படகுத் தொழிலாளி. என் மகளுக்கு ஐந்து வயதாகியும் 'க' வராது, 'த' என்றுதான் சொல்வாள். எங்களுக்கு அது செல்லமாக இருந்தது. படகோடு பேச மச்சான் வீட்டில் வயர்லெஸ் உண்டு. நான் கடலில் இருக்கும்போது அதில் கூப்பிட்டு, "அப்பா, தடல்ல தாத்து அடித்துதா?" என்பாள். மற்ற படகுக்காரர்களும் கேட்டு ரசிப்பார்கள். கூச்சக்காரனான எனக்கு அதில் பெருமை. "இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு" என்பேன்.

ஒருநாள் பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் அவளைப் போலவே, "தாத்து இல்ல பாப்பா, தப்பல்தான் போவுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு அது கேட்டிருக்கிறது. அதன் பிறகு வீட்டில்கூட வெறும் தலையாட்டல்தான்.

"பாப்பா வகுப்புல வாயே தொறக்கிறதில்லைங்க" என்று டீச்சர் சொன்ன பிறகுதான், காரைக்காலில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் போனோம். அவர் தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் சொல்லி, 'க' எங்கே பிறக்கிறது என்று அவளுக்கு உணர்த்தினார். என்னிடம், "சிரிக்காதீங்க. திரும்பச் சொல்லச் சொல்லாதீங்க. அவ சொன்னதை நீங்க ஒரு தடவ சரியாச் சொன்னா போதும்" என்றார்.

மாதக்கணக்கில் போய்வந்ததில் இப்போது 'க' வருகிறது. வீட்டில் நன்றாகப் பேசுகிறாள். வயர்லெஸ்ஸில் மட்டும் பேசுவதில்லை. அதனால் கடலுக்குப் போனால் நானே கூப்பிட்டு, "கடல்ல காத்து இல்ல கண்ணு" என்கிறேன். அவள் பக்கத்தில் நின்று கேட்கிறாள் என்று மச்சான் சொல்கிறார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்க, இதை எழுதி முடித்தது சித்திரை மாதக் கடைசி வெள்ளி.