அன்ரனின் மூன்றாவது பற்றரி

வாகனத்தில் பற்றரி செத்தால் பற்றரியைத் திட்டுவார்கள். புதுப் பற்றரியும் செத்தால் அதைப் பூட்டியவனைத் திட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்து வயர் வேலை செய்கிற எனக்கு வாய்த்தது இதுதான். இதே தொழிலில் இருந்து ஏச்சு வாங்குகிறவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும். அன்ரனைப் போல ஒருத்தன் உங்களுக்கும் இருப்பான்.

டாங்கியும் பைப்பும்

அன்ரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். என் மகள் ஷெரினும் அதில்தான் போய்வருகிறாள். ஒரு நாள் பற்றரி செத்துவிட்டது என்று வந்து நின்றான். ஏறிப் பார்த்தேன். கூரை முழுக்க ஃபேன், நீல லைட், பெரிய சவுண்ட் செட், போதாததற்கு ஒரு டீவி. எஞ்சின் ஓட ஓடக் கரண்ட் தருகிற அல்டர்னேட்டரோ வேன் கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த அதே சின்னது.

பற்றரி என்பது தண்ணீர் டாங்கி, அல்டர்னேட்டர் அதை நிரப்புகிற பைப், நீ பைப்பைப் பெரிதாக்கு என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு சொன்னான்: "சரி பாஸ், அப்ப இதைவிடப் பெரிய பற்றரியா ஒண்டு போடுங்கோ."

குனிந்து பார்க்காதவர்கள்

போட்டுக் கொடுத்த பெரியதும் செத்தது. பெரிய டாங்கி வற்றக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது, அவ்வளவுதான். இந்த முறை நானே பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து பெரிய அல்டர்னேட்டர் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அன்ரன் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. இருக்கிற பற்றரியோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டித் தரச் சொன்னான். என் பிள்ளையும் போகிற வேனடா என்று கத்தினேன். முடியாது என்று கையை விரித்தேன். வேறு எங்கேயோ போய்க் கட்டிக்கொண்டான். போகும்போது சொன்னது இது: "ரெண்டு பற்றரி எண்டா தாய்மாருக்குக் காட்டலாம் பாஸ், அல்டர்னேட்டரை ஆர் குனிஞ்சு பாக்கினம்?"

மருதானையில் மழை

பள்ளிக்கூடம் விட்ட நேரம் நல்ல மழை. மருதானை நெரிசலில் வேனின் வைப்பர் நின்றது. ஹோர்ன் அடிக்கவில்லை. கரண்ட் இல்லாமல் எஞ்சினும் நின்றது. பின்னால் வந்த பஸ் முட்டாமல் நின்றது கடவுள் புண்ணியம். அன்ரன் ஃபோன் பண்ணி நான் ஓடிப் போனபோது, பிள்ளைகள் ஒரு கடை வாசலில் நனைந்துபோய் நின்றார்கள். ஷெரினின் பல் கிடுகிடுத்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. அன்ரனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே பாஸ், ஏன் கத்துறீங்கள்?"

கழற்றிய டீவி

அடுத்த நாள் வேன் என் கராஜுக்கு இழுபட்டு வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய அல்டர்னேட்டரைப் பூட்டினேன். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. டீவியின் வயரை வெட்டி, அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். இந்தக் குப்பை வேண்டும் என்று எந்த அறிவுகெட்டது உன்னிடம் கேட்டது என்றேன். அன்ரன் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டான். "ஏசுவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை பாஸ், டீவி இல்லாத வேனில ஏறமாட்டன் எண்டு அழுதது உங்கட ஷெரின்தான்."

அன்ரனோடு கத்தின தொண்டை இப்போது தினமும் காலையில், டீவி இல்லாத வேனில் ஒரு பிள்ளையை ஏற்றுவதற்குப் பயன்படுகிறது.