இரண்டு கைகளிலும் தட்டு

இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் வருவார் புவான் ஸவியா; மலாயில் புவான் என்றால் அம்மா. தட்டு நிறைய செரி முக்கா என்ற மலாய்ப் பலகாரம். கீழே வெள்ளையாக ஒட்டரிசி, மேலே பாண்டன் இலைச் சாற்றின் பச்சை. அவரே அவித்தது. பூட்டிய கதவின் முன் நின்று, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை முக்காட்டுக்குள் மறைந்திருக்க, சும்மா ஒரு பார்வை பார்ப்பார். எங்கள் ஆட்களுக்கு அது போதும். ஒரு பெண் கையில் சுமையோடு நிற்கும்போது கதவைத் திறக்காதவனை இங்கே யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை.

மலேசிய அரசின் இணையப் பாதுகாப்புத் துறையில் அவருக்கு இருபது வருட வேலை. மின் நிலையம், துறைமுகம், எங்களுடையதைப் போன்ற குடிநீர் நிலையம் என்று ஈப்போவிலிருந்து தானே கார் ஓட்டிப் போய்ச் சோதிப்பார். "கம்ப்யூட்டருக்குச் சுத்தி மதில் கட்டியாச்சு தம்பி. இப்ப எவன் மதில் ஏறுறான்? நல்ல மனுசன் ஒருத்தன் கதவத் தொறக்குற வரைக்கும் வெளிய நிப்பான், அவ்வளவுதான்."

முதல் தடவை வந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. எங்கள் காவலாளி சேமான் ஐயா, மலாயில் பாக் சேமான், "கனமா இருக்குமே புவான்" என்று ஓடிப்போய்த் திறந்துவிட்டார். அடுத்த நிமிடம் குளோரின் அளவு காட்டும் திரையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'வந்துவிட்டேன்.' மூன்று ஊர்கள் குடிக்கும் தண்ணீர் அந்தத் திரையில்தான் இருக்கிறது.

இரண்டாம் தடவை திறந்த புத்திசாலி நான். யார், எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தே திறந்தேன். நம் புவான்தானே! ஸ்டிக்கர் என் தேநீர்க் கோப்பையில் இருந்தது. "தெரிஞ்ச மொகத்துக்குப் பூட்டு வேணாம்னு யாரு சொன்னா?" என்று சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தட்டை எங்களிடமே விட்டுப் போவார். தான் ஒரு துண்டும் தொடமாட்டார். கேட்டால், "அது என் கருவி. தச்சன் உளியத் திம்பானா?" என்பார். அறிக்கையில் ஆள் பெயரும் எழுதமாட்டார். 'கதவு திறந்தது' என்று மட்டும் இருக்கும். "பேரு போட்டா அடுத்த தடவ தப்ப மறைச்சிடுவாங்க. மறைச்ச தப்புதான் ஊர முழுங்கும்."

எங்கள் மேலாளருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. இன்னொரு தடவை கதவு திறந்தால் காவலாளியை மாற்றிவிடுவோம் என்று நோட்டீஸ் ஒட்டினார். கடைசியாகத் திறந்தது நான் என்று போய்ச் சொன்னேன். காதில் விழாதவர் மாதிரி இருந்தார். பாக் சேமானுக்கு அறுபத்தொரு வயது. இனி எந்த வாசலில் போய் நிற்பார்?

விஷயம் புவான் காதுக்கும் எட்டியது. அதற்காகச் சோதனையை இளக்கிவிடவில்லை. மழை கொட்டும் நாளாகப் பார்த்து, போன செவ்வாய்க்கிழமை மதியம் வந்து நின்றார். குடையில்லை, இரண்டு கைகளிலும் தட்டு, முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பாக் சேமான் குடையோடு வெளியே போனார். கதவு சாத்திப் பூட்டிக்கொள்ளும் வரை அதன் மேலேயே சாய்ந்து நின்றார். பிறகு, "குடையப் புடிங்க புவான், தட்ட எங்கிட்ட குடுங்க. இப்ப ஒரு கை சும்மா இருக்கா? ஒங்க அட்டைய வைங்க" என்றார்.

புவான் அட்டையைக் கதவுப் பூட்டில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"செவப்பு விழுது புவான்."

"விழும். இந்தக் கதவுக்கு எனக்கு அனுமதி இல்ல. நனைஞ்சுட்டேனே, பாக்?"

"குடை இருக்கு. ஆபீஸ்ல கேட்டு அனுமதி வர்ற வரைக்கும் நானும் கூட நிக்கிறேன்."

என் கை தானாகக் கதவுப் பொத்தானுக்குப் போனது. புவான் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

மழையில் இருவரும் நின்றார்கள். புவான் குடையைப் பாக் சேமான் பக்கம் சற்றுச் சாய்த்தார். பிறகு அந்தச் சும்மா இருந்த கையால் தட்டிலிருந்து ஒரு துண்டு செரி முக்காவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.