ஆதாரம்: இணையம்

பியோ சன்மியை எங்களில் யாருக்கும் பிடிக்காது. தென்கொரியாவின் குன்சான் நகரில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் ஒப்பந்த ஊழியர். வயது நாற்பத்திரண்டு. தகவலை எப்படித் தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது, எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படிக் குறிப்பது என்று முதலாண்டு மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் எடுத்தார். யாரும் கேமராவைப் போடமாட்டோம். இருநூறு கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவார். அந்தப் பருவத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மாணவர் மதிப்பீட்டில் ஐந்துக்கு நாலு புள்ளியாவது வந்தால்தான் வேலை நிரந்தரம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் கட்டுரையின் கடைசியில், பள்ளியில் எழுதிய பழக்கத்தில், 'ஆதாரம்: இணையம்' என்று எழுதியிருந்தேன். அவர் என் பெயரை மறைத்து அந்த வரியைத் திரையில் போட்டார்.

"மீன் எங்க வாங்குனீங்கன்னு கேட்டா, 'கடல்ல'ன்னு சொல்ற மாதிரி இருக்கு இது."

அரட்டைப் பெட்டி முழுக்க 'க்க்க்க்' என்று சிரிப்பு. என் அம்மா சந்தையில் மீன் அறுக்கிறார். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் என்னைக் குத்தத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

"டேய் மின்ஹா, அந்தம்மா வெறும் ரெண்டு வருஷ டிப்ளமாதானாம்டா" என்றான் அறைத்தோழன் ஹோஜுன்.

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க!"

அது போதுமாக இருந்தது. பல்கலைக்கழகம் முழுக்கப் படிக்கும், பெயர் போடாமல் எழுதும் இணைய மாணவர் பலகையில், 'பட்டமே வாங்காதவர் நமக்குப் பாடம் எடுக்கிறார்' என்று எழுதினேன். அடுத்த வகுப்புக்குள் முந்நூறு பேர் விருப்பம் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிவையும் அவர் திரையில் போட்டார். குரல் மாறவில்லை.

"எழுதுனது யாருன்னு நான் கேக்கல. இது உண்மையான்னு எப்படிப் பாப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"ஆதாரம்: இணையம், டீச்சர்" என்று யாரோ தட்டினார்கள். மறுபடியும் 'க்க்க்க்'.

"சர்டிஃபிகேட்டக் காட்டிடுங்களேன் டீச்சர், முடிஞ்சுது!"

"காட்டுறது என் வேலை இல்ல. தேடுறது உங்க வேலை."

தேடினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே தேடினேன். எங்கள் நூலகப் பட்டியலிலேயே அவருடைய முதுகலை ஆய்வேடு இருந்தது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இணையப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மதிப்பீட்டைப் போடாமல் எங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். உண்மை தெரிந்த பிறகும் நான் ஐந்துக்கு ஒன்றுதான் போட்டேன். அந்த மீன் முள் இன்னும் தொண்டையில் நின்றது.

அவருக்கு மூன்று புள்ளி ஒன்று வந்தது என்று அடுத்த வாரம் கேள்விப்பட்டேன். பதிவை அழித்துவிட்டு ஒரு தாளில் எழுதினேன்: 'உங்கள் படிப்பைப் பற்றிய அந்தப் பதிவு பொய். ஆதாரம்: நானே, தாக் மின்ஹா, முதலாண்டு.' எழுதி முடித்ததும் என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. தாளை நூலகத்தில் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அது என் துறை அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி.

'எழுதியவர் பெயர் சரி. தேதி இல்லை.'

தேதியை நான் மறந்திருக்கவில்லை; மதிப்பீடு முடிந்த பிறகு எழுதியது தெரியக் கூடாதென்றுதான் விட்டிருந்தேன்.