பாத்துகினு இருக்காரு

தோளில் கோணிப்பையோடு யாராவது தெருவில் வந்தால் கனிமொழி இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொள்வாள். சின்ன வயதில், கே.ஜி.கண்டிகையில் களையெடுக்கப் போகிற அம்மா, "வெளிய வந்தீன்னா பூச்சாண்டி கோணில போட்டுகினு பூடுவான்" என்று சொல்லி, இவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். பகல் முழுக்கக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்த பிள்ளை அவள்.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து, ஆட்டோ ஓட்டும் கணவன் குமரவேலோடு ஞானஸ்நானம் பெற்று, அபிகாயில் பிறந்தபோது ஒரு சபதம் எடுத்தாள். என் பிள்ளையைப் பேய், பூச்சாண்டி என்று சொல்லி மிரட்டமாட்டேன். நல்ல சபதம்தான். ஆனால் சபதம் எடுக்கிறவர்கள் மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துப் பார்க்க வேண்டும். அபி கத்திரிக்கோலைத் தூக்குவாள், பித்தானை வாயில் போடுவாள், ஓடுகிற மிஷினில் விரலை நீட்டுவாள். அடிக்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் சுவரில் தொங்கிய சபைக் காலண்டரின் இயேசு படத்தைக் காட்டி, "தொடாத அபி, இயேசப்பா பாத்துகினு இருக்காரு" என்றாள். நீண்ட விரல் சட்டென்று பின்னால் போயிற்று.

பொய்யும் இல்லை, அடியும் இல்லை. கிடைத்ததை விடுவாளா? சோற்றைத் துப்பினால் பாத்துகினு இருக்காரு, தூங்காவிட்டால் பாத்துகினு இருக்காரு. ஜாக்கெட்டுகள் குவிந்தன. பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று சபையில் பெண்கள் மெச்சினார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கிறிஸ்தவ வீட்டுக் கதையில் பிள்ளையாருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், நடந்தது அதுதான். அபி சட்டையைக் கழற்றிக் குளிக்க மறுத்தாள். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு துடித்தாள். படுத்தால் கண்ணை மூடுவதில்லை, சுவரின் மேல்மூலையையே வெறித்துக் கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. டாக்டர் டானிக் எழுதினார். எதிர்வீட்டு மணியம்மை, "காத்து கருப்பு பட்டிருக்கும். மலைக்கு இட்டுகினு போயி விபூதி போட்டுகினு வா" என்றாள். கனிமொழி அவளிடம் சீறிவிட்டு வந்தாள். ஆனால் மிஷினை மிதிக்கும்போது பிடரி குறுகுறுத்தது. பிள்ளை பார்க்கிற பக்கம் அவளும் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு மத்தியானம் மிஷினுக்கு அடியில், துணிமூட்டைக்குள் புதைந்து கிடந்த அபி மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அவரு எப்பம்மா தூங்குவாரு?"

"யாரு கண்ணு?"

"இயேசப்பா."

"அவரு தூங்கவே மாட்டாரே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பதில் அது. அபி வீறிட்டாள்.

கனிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது. பூச்சாண்டியாவது கதவுக்கு வெளியே நின்றான்.

சாப்பிட வந்த குமரவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். "பாத்துக்குவாருன்னு சொல்லியிருக்கலாம் நீ. பாத்துகினு இருக்காருன்னு சொல்லிட்ட" என்றான்.

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "இயேசப்பா உன்ன நல்லா பாத்துக்குவாரும்மா."

"ஆங், பாத்துகினேதான் இருக்காரு" என்றாள் அபி, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. காலண்டரைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாள் கனிமொழி. அபி பீரோவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

குமரவேல் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போனான். கனிமொழி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். வேறு வழி தெரியவில்லை. பிள்ளைக்குக் கேட்கும்படி ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எம்புள்ள தூங்கணும். நீங்க கொஞ்ச நேரம் கண்ண மூடிக்குங்க."

"மூடிக்கினாராம்மா?"

"மூடிக்கினாரு."

அபியின் இமைகள் சரிந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் பிளந்து தூங்கினாள்.

கனிமொழி அசையாமல் கிடந்தாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து எழுந்த நாள் முதல் அவள் தனியாக இருந்ததே இல்லை. கணவன் இல்லாத பகல்களில், காய்ச்சலில், பிரசவத்தில், தன்மேல் ஒருவர் கண் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில்தான் காலம் தள்ளினாள். இப்போது வீட்டில் யாருமே இல்லை. கண்ணத் தொறங்க ஆண்டவரே என்று சொல்ல உதடு பிரிந்தது.

பிள்ளை தூக்கத்தில் புரண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டாள்.