அம்மா எனக்குக் கொடுத்த ஆல்டோ

அம்மா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. அன்று எங்களோடு நின்ற சொந்தங்களுக்கும் சபையாருக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். அம்மாவைப் பற்றி என்னைத்தான் எழுதச் சொன்னார் அண்ணன். கூடவே, நன்றி சொல்லும்போது மெர்சியின் பெயர் முதலில் வர வேண்டும் என்றார். இதோ, முதல் பத்தியிலேயே வந்துவிட்டது. அண்ணனுக்குத் திருப்திதானே?

அம்மா பிறந்தது சைதாப்பேட்டையில். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தார். வீட்டில் ஆர்மோனியம் வாங்க வசதி இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, கோயில் ஆர்கனில் உட்கார்ந்து உட்கார்ந்தே அம்மா வாசிக்கப் பழகினார். பிறகு தேனாம்பேட்டையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர் ஆனார். கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்தும் சைதாப்பேட்டைக் கோயிலையும் அதன் ஆர்கனையும் அவர் விடவில்லை.

நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அம்மா ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்ன போதகரிடம், வீட்டில் இருந்தால் அழுகைதான் வரும், இங்கே கைக்கு வேலை இருக்கிறது என்றாராம். பகலில் பள்ளி, சாயங்காலம் தி.நகரில் வீடு வீடாகப் போய்க் கீபோர்டு வகுப்பு. அப்படித்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். எவ்வளவு களைத்து வந்தாலும் குடும்ப ஜெபம் உண்டு. மறுநாள் பரீட்சை என்றாலும் பாடாமல் சோறு கிடையாது.

இனி மெர்சி. ஆற்றோரம் குடியிருந்த வீட்டுப் பிள்ளை. என்னைவிடச் சின்னவள். ஞாயிறு பள்ளியில் அவள் குரலைக் கேட்ட அன்றே அம்மா அவளைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மெட்டு அவளுக்கு, ஆல்டோ எனக்கு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மெட்டு என்பது எல்லாரும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பாட்டு. ஆல்டோ அதற்குக் கீழே ஓடும் வேறொரு வரி. அது இல்லாவிட்டால் பாட்டு வெறிச்சென்று இருக்கும். இருந்தாலோ, அதை யார் பாடினார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். அம்மா நிதானமாகச் சொன்னார். "மெட்ட யார் வேணா பாடிடலாம் பாப்பா. பக்கத்துல ஒருத்தி வேற ஒண்ணு பாடிட்டிருக்கும்போது நம்ம வரிய விடாம பாடறதுதான் கஷ்டம். அதான் உனக்கு."

சமாதானம் சொல்வதில் அம்மா கெட்டிக்காரர் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆற்றோர வீடுகளைக் காலி செய்து, மெர்சி வீட்டாரை ஊருக்கு வெளியே குடி வைத்தார்கள். சனிக்கிழமை பயிற்சி முடிந்து அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று அம்மா அவளை எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார். என் தலையணை அவளுக்குப் போனது. அவளுக்குப் பிடிக்கும் என்று வஞ்சிரம் மீன் வறுபட்டது. எனக்குச் சங்கராதான் பிடிக்கும் என்பது இன்றுவரை யாருக்காவது தெரியுமா? அவள் சுருதி விலகினால் அம்மா சிரித்துக்கொண்டே திருத்துவார். நான் விலகினால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரியும். எரிந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அம்மாவுக்கு நோய் முற்றியபோது, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடையாறில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். துடைத்து விட்டதும், கஞ்சி ஊட்டியதும், புரட்டிப் படுக்க வைத்ததும் நான். சாயங்காலம் ஆனால் அம்மா கேட்பது, "மெர்சி வந்துட்டாளா?"

மெர்சி பெருங்குடியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து பஸ் பிடித்து வருவாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுவாள். அம்மாவின் விரல்கள் போர்வைமேல் ஆர்கன் வாசிக்கும். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் நல்ல மழை. மெர்சி போன் செய்தாள். "ரோடெல்லாம் தண்ணி நிக்குதுக்கா, பஸ்ஸே இல்ல. டீச்சருக்கு இன்னிக்கு நீங்களே பாடிருங்க." என் அம்மாவுக்குப் பாட எனக்கு அவள் அனுமதி கொடுக்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் பாடட்டுமா என்று கேட்டேன்.

அம்மா தலையை அசைத்தார். "வேணாம் பாப்பா. நீ பாடினா நடுவுல அழுதுடுவ. உன்ன அழவிட்டுட்டு என்னால போக முடியாது."

அடுத்த வாரம், ஒரு காலை நேரத்தில், என் கையைப் பிடித்தபடியே அம்மா போனார். அப்போது மெர்சி அங்கே இல்லை.

அடக்க ஆராதனையில் ஆர்கனைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். வெறும் குரல்தான். மெர்சி தொடங்கினாள். இரண்டாம் சரணத்தில் அவள் குரல் உடைந்து நின்றது. அவளை நம்பிப் பாடிய குழு முழுவதும் கூடவே நின்றது. நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன். மெட்டு இல்லாத ஆல்டோ, பாட்டு மாதிரியே இருக்காது. இவள் என்ன பாடுகிறாள் என்று முன்வரிசையில் சித்தி திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. மெர்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் சரணத்தில் அவள் மெட்டு வந்து சேர்ந்தது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள். "நீங்க வுடாம பாடிக்கினே இருந்தீங்கக்கா. அதப் புடிச்சிக்கினுதான் நான் வந்தேன்." வாசலில் நின்ற சொந்தக்காரர்கள், மெர்சி எவ்வளவு அருமையாகப் பாடினாள் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த கீழ்வீட்டு பாய் குடும்பத்துக்கும், வெளியூரிலிருந்து ஓடி வந்த சொந்தங்களுக்கும், அண்ணன் அண்ணிக்கும் நன்றி. மெர்சிக்கும் நன்றி. பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிறன்று நினைவு ஆராதனையிலும் மெட்டு அவளுக்குத்தான்.

அம்மா, உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நான் அழுதுவிடுவேன் என்றீர்களே. அழுதது மெர்சி. நான் என் வரியை விடவில்லை.